ரவுட்டர் கன்ஃபிக்கை எப்போது சேவ் செய்வது, எப்போது சேவ் செய்யாமல் விடுவது

சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் மென்பொருள் ஓடும் ரவுட்டரில் ஒரு கட்டளையைத் தட்டி என்டர் அடித்த நொடியே அது அமலுக்கு வந்துவிடும். ஆனால் அது இருப்பது ராமில், ரன்னிங்-கன்ஃபிக் என்ற அமைப்பு வரிகளின் தொகுப்பில். மின்சாரம் போனால் கூடவே போய்விடும். அடுத்த முறை ரவுட்டர் எழும்போது மின்சாரம் போனாலும் அழியாத என்வி-ராமில் உள்ள ஸ்டார்ட்அப்-கன்ஃபிக்கைத்தான் படிக்கும். நீங்கள் மாற்றியதை அங்கே எழுதி வைக்காதவரை, அந்த மாற்றம் நடக்கவே இல்லை என்பதுதான் அதன் கணக்கு.

ராமில் ஓடுவதற்கும் என்வி-ராமில் கிடப்பதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைப் பலரும் தொல்லையாகவே பார்க்கிறார்கள். வரிக்கு வரி, சேவ் செய்யும் கட்டளையான 'டபிள்யூஆர்' அடிப்பது விரலுக்குப் பழகிவிடுகிறது. ஆனால் தொலைவிலிருந்து வேலை செய்கிறவருக்கு இருக்கும் பின்வாசல் இந்த இடைவெளிதான். சோதித்துப் பார்க்கும் முன்பே சேவ் செய்தால் அந்த வாசலை நீங்களே பூட்டுகிறீர்கள். சோதித்த பிறகும் சேவ் செய்யாமல் கிளம்பினால், அடுத்த மின்வெட்டின்போது பணியில் இருப்பவர் தலையில் அது விடியும்.

கீழே உள்ளவை ஐஓஎஸ், ஐஓஎஸ்-எக்ஸ்இ இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். மற்ற நிறுவனங்களின் ரவுட்டர்கள் கடைசியில் வருகின்றன.

முதலில், சேவ் ஆகாதது ஏதாவது இருக்கிறதா?

வேறொருவர் பார்த்துவந்த ரவுட்டரில் கைவைக்கும்போது முதல் வேலை இதுதான்.

ஷோ ரன்னிங்-கன்ஃபிக்

இதன் தலைப்பகுதியில், ஆச்சரியக்குறியில் தொடங்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒன்று கன்ஃபிக் கடைசியாக மாறிய நேரத்தையும் மாற்றிய பயனரையும் சொல்லும். மற்றொன்று என்வி-ராம் கடைசியாக எழுதப்பட்ட நேரம். மாறிய நேரம் பிந்தியதாக இருந்தால் சேவ் ஆகாத மாற்றம் இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். ஏனென்றால் கன்ஃபிக் மோடுக்குள் நுழைந்து எதையும் மாற்றாமல் வெளியே வந்தாலும் அந்த நேரம் புதுப்பிக்கப்பட்டுவிடும். ரவுட்டரின் கடிகாரம் சரியாக இல்லாவிட்டால் இந்த இரண்டு வரிகளால் பயனில்லை. கடிகாரத்துக்கு பேட்டரி இல்லாத மாடல்கள் ஒவ்வொரு முறை எழும்போதும் 1993 மார்ச் 1 போன்ற ஒரு பழைய தேதியிலிருந்து எண்ணத் தொடங்கும். அதனால் நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியை வைத்துவிடுங்கள்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள:

ஷோ ஆர்க்கைவ் கன்ஃபிக் டிஃபரன்ஸஸ் என்வி-ராம்:ஸ்டார்ட்அப்-கன்ஃபிக் சிஸ்டம்:ரன்னிங்-கன்ஃபிக்

முதலில் கொடுத்த கோப்பில் மட்டும் இருக்கும் வரிக்கு முன்னால் கழித்தல் குறி வரும், இரண்டாவதில் மட்டும் இருப்பதற்குக் கூட்டல் குறி. மேலே உள்ள வரிசையில் கொடுத்தால் கூட்டல் குறி வரிகள் எல்லாம் இன்னும் சேவ் ஆகாதவை. கோப்புகளை மாற்றிக் கொடுத்தால் குறிகளும் தலைகீழாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். பழைய ஐஓஎஸ்களில் 'என்டிபி கிளாக்-பீரியட்' என்றொரு வரி தானாக மாறிக்கொண்டே இருக்கும். அது மட்டும் வேறுபட்டால் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

யார் செய்தார், ஏன் செய்தார் என்று தெரியாத வரி அங்கே இருந்தால், கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை சேவும் செய்யாதீர்கள், ரீலோடும் (ரவுட்டரை மறுபடி எழுப்புவது) செய்யாதீர்கள். இரண்டுமே மீள முடியாத முடிவுகள். அதற்குள் ரன்னிங்-கன்ஃபிக்கின் ஒரு பிரதியை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம், அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.

கன்ஃபிக்கில் சேராதவையும் உண்டு. டீபக், டெர்மினல் மானிட்டர், டெர்மினல் லெங்த் போன்றவை எத்தனை முறை சேவ் செய்தாலும் ரீலோடைத் தாண்டாது. ரூட்டிங் டேபிளும் ஏஆர்பி டேபிளும் மறுபடி தாமாக உருவாகும். ஐபி முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி சர்வர் கொடுத்து வைத்த முகவரிப் பட்டியலும் போய்விடும். அதைக் காப்பாற்ற 'ஐபி டிஹெச்சிபி டேட்டாபேஸ்' கட்டளையில் ஒரு சேமிப்பு இடத்தைக் காட்ட வேண்டும். தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்காக உருவாக்கும் ஆர்எஸ்ஏ சாவி கொஞ்சம் விசித்திரமானது. ஷோ ரன்னிங்-கன்ஃபிக்கில் அது தெரியாது, ஆனால் சேவ் செய்தால்தான் என்வி-ராமில் உள்ள பிரைவேட்-கன்ஃபிக் கோப்பில் ஏறும். சாவியை உருவாக்கிவிட்டு சேவ் செய்யாமல் விட்டால், ரீலோடுக்குப் பிறகு எஸ்எஸ்எச் திறக்காது.

சேவ் செய்வது

காப்பி ரன்னிங்-கன்ஃபிக் ஸ்டார்ட்அப்-கன்ஃபிக்

என்று கொடுத்தால், எந்தக் கோப்புப் பெயரில் எழுதுவது என்று கேட்கும். அடைப்புக்குறிக்குள் ஸ்டார்ட்அப்-கன்ஃபிக் என்று ஏற்கெனவே இருக்கும். வெறும் என்டர் மட்டும் அடியுங்கள். 'ஆம், இல்லை' கேள்வி என்று நினைத்து 'ஒய்' தட்டினால் அதையே கோப்புப் பெயராக எடுத்துக்கொள்ளும், ஸ்டார்ட்அப்-கன்ஃபிக் பழையபடியே கிடக்கும். 'ரைட் மெமரி', சுருக்கமாக 'டபிள்யூஆர்', இந்தக் கேள்வியைக் கேட்காது. அதனால் அதுவே பாதுகாப்பு. 'ஓகே' என்ற விடை வந்த பிறகே சன்னலை மூடுங்கள்.

ஓகே வராத நேரங்கள் மூன்று. ஸ்டார்ட்அப்-கன்ஃபிக்கைத் திறக்க முடியவில்லை, கருவி பிஸி என்று வந்தால், இன்னொரு செஷன் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. 'ஷோ யூசர்ஸ்' போட்டு யார் என்று பாருங்கள், சற்றுப் பொறுத்து மறுபடி அடியுங்கள். இடம் போதவில்லை என்று வந்தால், என்வி-ராம் மிகச் சிறியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2911 போன்ற மாடலிலேயே அது 255 கிலோபைட்தான். நீண்ட ஏசிஎல்களும் (எந்தப் போக்குவரத்தை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்கள்) சான்றிதழ்களும் சேர்ந்து அதை நிரப்பிவிடும். 'சர்வீஸ் கம்ப்ரஸ்-கன்ஃபிக்' போட்டுவிட்டு மறுபடி சேவ் செய்தால் சுருக்கி எழுதும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. வேறு ஐஓஎஸ் பதிப்பு எழுதிய கன்ஃபிக்கின் மேல் எழுதப் போகிறேன், சரியா என்று ரவுட்டர் கேட்கும். பதிப்பை மாற்றிய பிறகு முதல் சேவின்போது இது வரும். பெரும்பாலானோர் யோசிக்காமல் என்டர் அடித்துவிடுகிறார்கள். புதிய பதிப்புக்குப் புரியாத வரிகளை ரவுட்டர் எழும்போதே உதறிவிட்டிருக்கும், கன்சோலில் பிழைச் செய்தியாக மட்டும் அவை ஓடி மறைந்திருக்கும். அந்த நிலையில் ரன்னிங்-கன்ஃபிக் குறைபட்டது. என்வி-ராமில் மட்டும்தான் முழுமையான பிரதி இருக்கிறது. அதன் மேல் எழுதினால் உதிர்ந்த வரிகள் நிரந்தரமாகப் போயின. கார்டு ஒன்றைக் கழற்றிவிட்டு ரவுட்டரை எழுப்பும்போதும் இதே கதைதான். இல்லாத இன்டர்ஃபேஸின் வரிகள் ஏறாது, சேவ் செய்தால் அவை என்வி-ராமிலிருந்தும் காணாமல் போகும், கார்டைத் திரும்பச் செருகினாலும் வராது. ஆகவே பதிப்பு மாற்றமோ கார்டு மாற்றமோ நடந்தால், முதல் சேவுக்கு முன் மேலே சொன்ன டிஃபரன்ஸஸ் கட்டளையைப் போட்டு, கழித்தல் குறி வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சேவ் செய்யாமல் வேலை செய்வது

தொலைவிலுள்ள ரவுட்டரின் ஏசிஎல்லையோ, வெளி நெட்வொர்க்குக்குப் போகும் 'வான்' இணைப்பின் ஐபி முகவரியையோ, டீஃபால்ட் ரூட்டையோ மாற்றும்போது ஒரு வரி தப்பினாலும் நீங்கள் வெளியே நிற்பீர்கள். பழைய வழி இது:

1. டிஃபரன்ஸஸ் பார்த்து, இப்போதைய நிலை சரி என்று உறுதி செய்து, அதை சேவ் செய்யுங்கள். திரும்பி வர வேண்டிய இடம் இதுதான்.

2. 'ரீலோட் இன் 15' என்று கொடுங்கள். 15 நிமிடத்தில் ரவுட்டர் தானாக ரீலோட் ஆகும். கன்ஃபிக் மாறியிருக்கிறது, சேவ் செய்யட்டுமா என்று கேட்டால் 'நோ'. இங்கே பழக்கதோஷத்தில் 'யெஸ்' சொல்லக் கூடாது. ஏற்கெனவே மாற்றத்தைச் செய்துவிட்டு இந்தக் கட்டளையைக் கொடுப்பவர் 'யெஸ்' சொன்னால், கெட்ட கன்ஃபிக்கைத் தன் கையாலேயே நிரந்தரமாக்குகிறார்.

3. 'ஷோ ரீலோட்' போட்டு எத்தனை நிமிடம் மிச்சம் என்று பாருங்கள்.

4. மாற்றத்தைச் செய்யுங்கள். இனி வேலை முடியும்வரை யாரும் 'டபிள்யூஆர்' அடிக்கக் கூடாது. ரவுட்டருக்குள் தானாக நுழைந்து சேவ் செய்யும் மேலாண்மை மென்பொருள் இருந்தால் அதையும் நிறுத்தி வையுங்கள்.

5. புதிதாக ஒரு எஸ்எஸ்எச் செஷன் திறந்து சோதியுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் சன்னல் உயிரோடு இருப்பது சாட்சியாகாது. தொலைவிலிருந்து வருபவர் நுழையும் விடிஒய் லைனில் போடும் ஆக்ஸஸ்-கிளாஸ் புதிதாக வரும் இணைப்புகளைத்தான் தடுக்கும். பழைய செஷன் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

6. எல்லாம் சரி என்றால் 'ரீலோட் கேன்சல்', அதன் பிறகு 'டபிள்யூஆர்'. சேவ் செய்துவிட்டு கேன்சலை மறந்தால், நன்றாக ஓடிய ரவுட்டர் வேலை நேரத்தில் தானாக விழும்.

இந்த வழி எந்தப் பழைய பெட்டியிலும் வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். திரும்பி வருவதற்காக ரவுட்டர் முழுவதும் ரீலோட் ஆக வேண்டும். சில நிமிடங்களுக்கு எல்லா இணைப்புகளும் போகும், பிஜிபி என்ற ரூட்டிங் முறையில் இணைந்த அண்டை ரவுட்டர்களோடு உள்ள தொடர்புகள் எல்லாம் மறுபடி எழ வேண்டும். கன்ஃபிக்கின் பிரதிகளைச் சேர்த்து வைக்கும் ஆர்க்கைவ் வசதி உள்ள ரவுட்டரில் அதைவிட நல்ல வழி இருக்கிறது.

முதலில், ஒரே ஒரு முறை, கன்ஃபிக் மோடில்:

ஆர்க்கைவ்
 பாத் ஃபிளாஷ்:காப்பு-
 மேக்ஸிமம் 10
 ரைட்-மெமரி

காப்பு என்ற இடத்தில் ரவுட்டரில் உங்களுக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளுங்கள். ரைட்-மெமரி வரி இருந்தால் ஒவ்வொரு சேவின்போதும் ஃபிளாஷில் ஒரு பிரதி தனியாக ஏறும். பத்தைத் தாண்டினால் பழையது அழியும். 'லாக் கன்ஃபிக்' பகுதிக்குள் போய் 'லாகிங் எனேபிள்', 'ஹைட்கீஸ்' இரண்டையும் போட்டால், யார் எந்த வரியைத் தட்டினார்கள் என்ற பதிவும், கடவுச்சொற்கள் மறைக்கப்பட்டு, கிடைக்கும். பலர் நுழையும் ரவுட்டரில் இது இல்லாமல் இருக்கக் கூடாது.

இனி மாற்றம் செய்ய வேண்டியபோதெல்லாம்:

கன்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5

இப்போது ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும் கன்ஃபிக்கைப் பிரதி எடுத்துவிட்டு, உங்களை உள்ளே விடும். 5 நிமிடத்துக்குள் 'கன்ஃபிகர் கன்ஃபர்ம்' கொடுக்காவிட்டால் அந்தப் பிரதிக்குத் தானே திரும்பிவிடும், ரீலோட் இல்லாமல். இணைப்பு அறுந்து உங்களால் எதுவும் கொடுக்க முடியாமல் போனாலும் அப்படித்தான் திரும்பும். பிடிக்கவில்லை என்றால் 'கன்ஃபிகர் ரிவர்ட் நவ்' கொடுத்து உடனே பின்வாங்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கன்ஃபிகர் கன்ஃபர்ம் டைமரை மட்டும்தான் நிறுத்தும். அது என்வி-ராமில் எழுதாது. 'கன்ஃபர்ம் செய்துவிட்டேனே' என்று போனவரின் மாற்றம் அடுத்த ரீலோடில் காணாமல் போவது இதனால்தான். கன்ஃபர்முக்குப் பிறகு 'டபிள்யூஆர்' தனியாக வேண்டும்.

சேவ் ஆனதற்குத் திரும்புவது

இங்கேதான் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள்.

காப்பி ஸ்டார்ட்அப்-கன்ஃபிக் ரன்னிங்-கன்ஃபிக்

இதைக் கொடுத்தால் பழைய கன்ஃபிக் அப்படியே திரும்பி வரும் என்று தோன்றும். வராது. ரன்னிங்-கன்ஃபிக்கை நோக்கிய காப்பி எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு வரியையும் கீபோர்டில் தட்டியதுபோல் ஏற்கெனவே இருப்பதன் மேல் சேர்க்கும். எதையும் நீக்காது. எதிர்த்திசையில், ராமிலிருந்து என்வி-ராமுக்குப் போகும்போது மட்டுமே முழுக்க அழித்து எழுதும்.

விளைவைப் பாருங்கள். ஓர் இன்டர்ஃபேஸின் ஐபி முகவரியை மாற்றியிருந்தால், அதற்கு ஒரு முதன்மை முகவரிதான் இருக்க முடியும் என்பதால் பழையது திரும்பிவிடும். புதிதாக ஒரு ஸ்டாட்டிக் ரூட் சேர்த்திருந்தால் அது அப்படியே நிற்கும், பழைய ரூட்டும் பக்கத்தில் வந்து நிற்கும். போக்குவரத்து இரண்டாகப் பிரியும், பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. ஷட்டவுன் செய்த இன்டர்ஃபேஸ் ஷட்டவுனிலேயே இருக்கும். காரணம், இயங்கும் இன்டர்ஃபேஸுக்கு 'நோ ஷட்டவுன்' என்ற வரியை ஐஓஎஸ் என்வி-ராமில் எழுதுவதே இல்லை. திறந்துவிடச் சொல்லும் வரி கோப்பில் இல்லாதபோது யார் திறப்பது?

உண்மையில் திரும்புவதற்கான கட்டளை:

கன்ஃபிகர் ரீப்ளேஸ் என்வி-ராம்:ஸ்டார்ட்அப்-கன்ஃபிக் லிஸ்ட்

இது இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளை மட்டும் நீக்கும், சேர்க்கும். 'லிஸ்ட்' சேர்த்தால் என்னென்ன வரிகளைப் போட்டது என்று காட்டும். கடைசியில் 'டைம் 5' சேர்த்தால் இதற்கும் 5 நிமிடக் காவல் கிடைக்கும், கன்ஃபிகர் கன்ஃபர்ம் கொடுத்து உறுதிசெய்ய வேண்டும். அதற்கு ஆர்க்கைவ் அமைத்திருப்பது அவசியம். என்வி-ராமுக்குப் பதில் ஃபிளாஷில் உள்ள ஏதாவது ஓர் ஆர்க்கைவ் பிரதியையும் காட்டலாம். ஆனால் அந்தக் கோப்பு முழுக் கன்ஃபிக்காக இருக்க வேண்டும். நான்கே வரிகள் கொண்ட துண்டுக் கோப்பைக் காட்டினால், மீதி எல்லாம் வேண்டாதவை என்று எடுத்துக்கொண்டு நீக்கிவிடும்.

என்வி-ராமைத் தாண்டி எழுப்புவது

கடவுச்சொல் மறந்துபோன ரவுட்டரில், ஸ்டார்ட்அப்-கன்ஃபிக்கைப் படிக்காமல் எழச் சொல்ல வேண்டும். அதைத் தீர்மானிப்பது கன்ஃபிக் ரெஜிஸ்டர். வழக்கமான மதிப்பு 0எக்ஸ்2102. 0எக்ஸ்2142 என்றால் என்வி-ராமில் உள்ள கன்ஃபிக்கைக் கண்டுகொள்ளாது.

கன்சோல் கேபிளைச் செருகி, ரவுட்டரை அணைத்துப் போட்டு, முதல் 60 விநாடிக்குள் பிரேக் அனுப்பினால் ராம்மான் என்ற அடிப்படை மீட்பு நிலை வரும். அங்கே 'கன்ஃப்ரெக் 0எக்ஸ்2142', பிறகு 'ரீசெட்'. எழுந்ததும் ஆரம்ப அமைப்பு உரையாடலுக்குள் போகவா என்று கேட்கும், 'நோ'. 'எனேபிள்' கொடுத்தால் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும். இந்த நிமிடத்தில் ரன்னிங்-கன்ஃபிக் காலி, என்வி-ராம் முழுசு. இப்போது 'டபிள்யூஆர்' அடித்தால் காலியானது முழுசின் மேல் ஏறிவிடும். எல்லாவற்றையும் விட மோசமான தவறு இதுதான்.

சரியான திசை, ஸ்டார்ட்அப்பிலிருந்து ரன்னிங்குக்கு. மேலே குறைசொன்ன அதே சேர்க்கும் காப்பிதான், ராம் காலியாக இருப்பதால் இங்கே அது பொருத்தம். பிறகு வெளியேறாமல், அதே செஷனிலேயே புதிய எனேபிள் சீக்ரெட் போடுங்கள். 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்' பார்த்து, ஷட்டவுனில் நிற்கும் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் 'நோ ஷட்டவுன்' கொடுங்கள். 'கன்ஃபிக்-ரெஜிஸ்டர் 0எக்ஸ்2102' கொடுங்கள். அதன் பிறகு சேவ்.

ரெஜிஸ்டரைத் திருப்ப மறந்தால் அன்றைக்கு எதுவும் தெரியாது. ரவுட்டர் நன்றாகவே ஓடும், சேவும் ஓகே சொல்லும். என்றோ ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும், புதிதாக வாங்கியதுபோல் காலியாக நிற்கும். சேவ் செய்தும் கன்ஃபிக் போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் 'ஷோ வெர்ஷன்' கடைசி வரியைப் பாருங்கள். அங்கே 2142 இருந்தால் கன்ஃபிக் எங்கும் போகவில்லை, என்வி-ராமில் பத்திரமாக இருக்கிறது. 'நோ சர்வீஸ் பாஸ்வேர்ட்-ரெக்கவரி' போடப்பட்ட ரவுட்டரில் இந்த வழி திறக்காது. கன்ஃபிக்கை அழித்துத் தொழிற்சாலை நிலைக்குத் திரும்புவது மட்டுமே மிஞ்சும்.

அழிப்பது

'ரைட் இரேஸ்' என்வி-ராமை அழிக்கும். ராமில் ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் தவறுதலாக அழித்துவிட்டால் பதற வேண்டாம், ரீலோட் செய்யாமல் 'டபிள்யூஆர்' அடித்தால் திரும்பிவிடும். வேண்டுமென்றே அழிப்பவர், அடுத்து ரீலோட் கொடுக்கும்போது வரும் சேவ் கேள்விக்கு 'நோ' சொல்ல வேண்டும். 'யெஸ்' சொன்னால் அழித்தது வீண். பெட்டியை விற்கவோ வேறு கிளைக்கு அனுப்பவோ அழிக்கிறீர்கள் என்றால் இது மட்டும் போதாது. ஆர்க்கைவ் பிரதிகள் ஃபிளாஷில் கடவுச்சொல் வரிகளோடு இருக்கும். ஸ்விட்ச் கார்டு உள்ள ரவுட்டரில் விலான்கள் (தனித்தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்குகள்) 'விலான்.டாட்' கோப்பில் இருக்கும். 'டிர் ஃபிளாஷ்:' போட்டுப் பார்த்து அவற்றைத் தனியாக அழியுங்கள். ஆர்எஸ்ஏ சாவிகளை 'கிரிப்டோ கீ ஜீரோயைஸ் ஆர்எஸ்ஏ' கொடுத்து முன்னதாகவே நீக்குங்கள்.

மற்ற ரவுட்டர்கள்

ஜூனிபரின் ஜூனோஸில் நீங்கள் தட்டுவது எதுவும் உடனே அமலாகாது. கேண்டிடேட் என்ற வரைவில் சேரும். 'ஷோ | கம்பேர்' போட்டு வேறுபாட்டைப் பார்த்து 'கமிட்' கொடுத்தால் அமலாவதும் சேமிப்பதும் ஒன்றாக நடக்கும். 'கமிட் கன்ஃபர்ம்ட்' கொடுத்தால், 10 நிமிடத்துக்குள் இன்னொரு கமிட் வராவிட்டால் தானே பின்வாங்கும். 0 முதல் 49 வரை 50 பழைய பிரதிகளுக்கு 'ரோல்பேக்' செய்யலாம். ரோல்பேக் வரைவைத்தான் மாற்றும், அதன் பிறகும் கமிட் வேண்டும்.

விஒய்ஓஎஸ் பார்க்க ஜூனோஸ் போலவே இருக்கும், அதனால்தான் ஏமாற்றும். அங்கே கமிட் அமலாக்கும், சேமிக்காது. 'சேவ்' தனி.

மைக்ரோடிக்கில் இடைவெளியே கிடையாது. என்டர் அடித்தால் அமலும் ஆகும், நிரந்தரமும் ஆகும். ரீபூட் செய்து தப்பிக்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. வேலை தொடங்கும் முன் கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி சேஃப் மோடுக்குள் போங்கள். இணைப்பு அறுந்தால், டிசிபி டைம்அவுட் ஆனதும் அந்த செஷனில் செய்தவற்றைத் திருப்பிவிடும், அதற்குச் சுமார் 9 நிமிடம் ஆகலாம். திருப்தி என்றால் மறுபடி கண்ட்ரோல்-எக்ஸ். சேஃப் மோடு நினைவில் வைப்பது 100 செயல்கள் வரைதான். அதைத் தாண்டினால் மோடு தானாக விலகிவிடும், எதுவும் திரும்பாது. நீண்ட ஸ்கிரிப்டை ஒரேயடியாக ஒட்டுபவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து ஒட்டுங்கள்.

ஓப்பன்டபிள்யூஆர்டியில் நிலைமை தலைகீழ். 'யூசிஐ செட்' கொடுத்தது ராமிலுள்ள டெம்ப் அடைவில் காத்திருக்கும், 'யூசிஐ கமிட்' கொடுத்தால் ஃபிளாஷில் எழுதப்படும். ஆனால் அந்த சர்வீஸை ரீலோட் செய்யும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழைய அமைப்புதான். அதாவது சேவ் ஆகியிருக்கும், அமலாகியிருக்காது. தப்பான நெட்வொர்க் அமைப்பைக் கமிட் செய்துவிட்டு ரீலோட் செய்யாமல் போனால், அடுத்த ரீபூட்டில்தான் குட்டு வெளிப்படும். வலைப்பக்கத்தின் வழியே 'சேவ் அண்ட் அப்ளை' கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் உலாவியால் ரவுட்டரை மறுபடி எட்ட முடியாவிட்டால், வழக்கமாக 90 விநாடியில் அதுவே பழையதற்குத் திரும்பிவிடும். ஐபி முகவரியையே மாற்றும்போது உலாவியைப் புதிய முகவரிக்கு அந்த 90 விநாடிக்குள் கொண்டுபோக வேண்டும்.